சிவப்பு அம்பு

ஜனவரி 1, புதன்

கம்பெனியில் இந்த வருடம் ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலாக டைரி கொடுத்துவிட்டார்கள். செக்கிங் செக்‌ஷன் பெண்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பானுமதி அக்கா தன்னுடையதில் கோலம் போட்டுப் பழகப்போகிறாராம். நான் மட்டும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். இந்த வருடம் எனக்கு ஒரு வேலைதான் முக்கியம். முகிக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும்.

முழுப்பெயர் நறுமுகை. அவள் அப்பா வைத்தது. மினி பஸ் ஓட்டுகிற மனிதருக்கு அப்படியொரு தமிழ்ப் பற்று. கூப்பிட நேரமாகிறது என்று நான் முகி ஆக்கிவிட்டேன். ஜூனில் மூன்றே முக்கால் வயது ஆகும். எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும்.

பதினோரு வருடமாகக் கரூரில் பெட்ஷீட் செக் பண்ணுகிறேன். ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பிக் கப்பல் ஏறியதில்லை. டேமேஜ் இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். மெண்டிங்கில் அதைச் சரிசெய்துவிட்டு ஸ்டிக்கரை எடுப்பார்கள். ஸ்டிக்கர் இல்லாத பீஸ்தான் பேக்கிங்குக்குப் போகும். பள்ளிக்கூடத்தையும் அப்படியே பார்க்கப்போகிறேன். லாட் 1, லாட் 2, லாட் 3. பாஸ் அல்லது ரிஜெக்ட். மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துச் சேர்க்கிறார்கள்.

ஜனவரி 20, திங்கள்

லாட் 1. பைபாஸில் இருக்கிற பெரிய பள்ளி. அப்ளிகேஷன் வாங்க விடியற்காலை ஐந்தரைக்கே வரிசை. முகியையும் தூக்கிக்கொண்டு போனேன். முன்னால் நின்ற அம்மாள் குனிந்து, "பாப்பா, உம் பேரென்ன?" என்றார்.

"நறுமுகைங்க" என்றேன்.

"எத்தன வயசு தங்கம்?"

"மூணு வயசு நாலு மாசம்."

"என்ன சாப்பிடப் புடிக்கும் கண்ணு?"

"முறுக்குன்னா உசுருங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "பாப்பா பேசாதுங்களா?" என்றார். கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்க்கட்டும். பல்லி, பக்கெட், சீலிங் ஃபேன் என்று எல்லாவற்றோடும் பேசுகிற பிள்ளை. வெளியே வந்தால்தான் என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். வெறும் கூச்சம். வளர வளரச் சரியாகிவிடும்.

அப்ளிகேஷன் கிடைத்துவிட்டது. எனக்குப் பின்னால் பதினெட்டாவது ஆளோடு கவுண்டரை மூடிவிட்டார்கள். முதல் வெற்றி.

பிப்ரவரி 8, சனி

லாட் 1 இன்டர்வியூ. இரண்டு நாள் லீவு போட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். கோ-ஆர்டினேட்டர் மேடம் என்று ஒருவர், மேஜை மேல் பிளாஸ்டிக் பழங்களைப் பரப்பி வைத்திருந்தார். வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டி, "வாட் கலர் இஸ் திஸ், பேபி?" என்றார்.

முகி என் ஹேண்ட்பேக்கைத் திறந்து அம்பு ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லோ" என்றேன்.

ஆப்பிளைக் காட்டினார்.

"ரெட். வீட்ல நல்லா சொல்லுவாங்க மேடம். முகி, ரெட்டுன்னு சொல்லு பாக்கலாம்."

"மேடம், நான் உங்களைக் கேக்கல."

திராட்சைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? அதையும் நானே சொல்லும்படி ஆயிற்று. கடைசியில் அவர் ஃபைலை மூடிவிட்டு, "ஏப்ரல் பதினாறாம் தேதி இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள பேசப் பழக்குங்க. அப்பவும் பேசலன்னா கஷ்டம்" என்றார்.

எழுந்திருக்கும்போது பார்த்தேன். மேஜை விளிம்பில் மரம் பெயர்ந்திருந்த இடத்தில் முகி சரியாக அம்பு ஒட்டியிருந்தாள். என் பிள்ளைக்குக் கண் இருக்கிறது. இவர்களுக்கு வாழைப்பழம்தான் முக்கியமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

"நீயும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமில்ல, இந்து" என்றார் இவர்.

"நான் பொறுக்காததாலதான் அந்த மூணு பதிலாவது வந்துச்சு."

"அது உன்ற பதில் புள்ள."

எழுந்து சமையலைப் பார்க்கப் போய்விட்டேன். சாம்பாரில் உப்புப் போட மறந்திருக்கிறேன். இரண்டு பேரும் சொல்லாமலே சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 22, சனி

லாட் 2. வீட்டு மாடியில் ஒரு பிளே ஸ்கூல். சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி. உள்ளே பத்துப் பிள்ளைகள் டி.வி. முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில் இருந்தது. உள்ளே போகிற பிள்ளை எப்படித் திறந்து வெளியே வரும் என்று கேட்டேன். "ஆயா இருப்பாங்க மேடம்." ஆயா எங்கே என்றேன். கடைக்குப் போயிருந்தார்.

நான்கே நிமிடம். ரிஜெக்ட்.

மார்ச் 7, வெள்ளி

இவர் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்த லாட் 3-க்கு இன்று போனேன். ஆற்றோரத்தில் இருக்கிற எய்டட் பள்ளி. இவர் ஐந்தாவது வரை படித்தது. "நான் படிச்சு என்ன குறைஞ்சு போயிட்டேன்?" என்று கேட்கிறார். பதில் சொன்னால் சண்டை வரும் என்று கிளம்பிவிட்டேன்.

எல்.கே.ஜி. டீச்சர் பெயர் ஞானசௌந்தரி. ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன்.

"உன் பேரு என்ன சாமி?"

"நறுமுகைங்க டீச்சர்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுபடி முகியிடம், "கையில என்ன வெச்சிருக்க?" என்றார்.

"ஸ்டிக்கருங்க டீச்சர். எங்க கம்பெனியில..."

"அவ சொல்லட்டுங்க. எனக்கு நேரமிருக்குது."

சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொண்டார். பிள்ளையை உற்றுப் பார்க்கவும் இல்லை. மடியில் கிடந்த சாக்பீஸ் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடிகாரம் இரண்டு நிமிடம் ஸ்லோ. வெளியே ஒரு குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முகி வாயைத் திறக்கிற மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"அவளுக்குக் கூச்சமுங்க டீச்சர், புது ஆளுன்னா பேச மாட்டா" என்றேன்.

முகி வாயை மூடிக்கொண்டாள். டீச்சர், "சரிங்க, இன்னொரு நாளு வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வெளியே வருகிற வழியில் அந்தச் சொட்டுகிற குழாயைப் பார்த்தேன். கை சும்மா இருக்குமா? ஒரு அம்பை எடுத்து ஒட்டிவிட்டு வந்தேன்.

டேமேஜ் விவரம்: குழாய் ஒழுகல். கடிகாரம் ஸ்லோ. காம்பவுண்டு சுவர் தாழ்வு. சறுக்குமரத்தில் பெயின்ட் இல்லை. பஸ் கிடையாது. டை கிடையாது. மொத்தம் ஆறு. பாத்ரூம் தாழ்ப்பாள் மட்டும் பிள்ளைகளின் உயரத்தில் இருந்தது. ரிஜெக்ட் என்று எழுதப் போய் ஏனோ எழுதவில்லை. பிறகு பார்க்கலாம்.

மார்ச் 15, சனி

காலையில் ஆப்பிள், ஆரஞ்சு. மாலையில் வாட் இஸ் யுவர் நேம். நான்தான் மேடம், முகிதான் முகி. முகி சொன்னாள்: "அம்மா, நீ முகியா இரு, நான் மேடமா இருக்கேன்." விளையாட்டுக்கு நேரமில்லை என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் ஆப்பிள்.

மார்ச் 29, சனி

டீ டைமில் பானுமதி அக்கா சொல்கிறார்: "அந்தப் புள்ள வாயத் தொறக்கறதுக்குள்ள நீ தொறந்துடற இந்து. அதுக்கு எங்க எடம் இருக்குது?"

அக்காவுக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டன, என்ன வேண்டுமானாலும் பேசலாம். அவர் பார்த்துவிட்ட பீஸில் இன்று நான் மூன்று டேமேஜ் கண்டுபிடித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஷிப்மென்ட். நான்கு நாளாகக் கத்திக் கத்தி வேலை வாங்கினேன். மேலே ஃபேன் சத்தம், பக்கத்துக் கட்டிடத்தில் தறிச் சத்தம், கூடச் சளி வேறு. இன்று மதியம் "ஏய், அந்த பேல எறக்காதீங்க" என்று கத்த வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. பெட்ஷீட் பேலை இறக்கிவிட்டார்கள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் ஒரு வார்த்த பேசக் கூடாதுங்க. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். மீறுனீங்கன்னா குரல் பழையபடி வர்றது கஷ்டம்" என்றார். இவர் பக்கத்தில் நின்று ரொம்ப அக்கறையாகத் தலையாட்டினார். இவர் அடக்கிக்கொண்ட சிரிப்பை நான் பார்க்காமல் இல்லை.

பதினாறாம் தேதி இன்டர்வியூ. இவரை விட்டு போன் போட்டுத் தேதி தள்ளிக் கேட்டேன். முடியாதாம். அன்றைக்கு வராவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுமாம்.

ஏப்ரல் 12, சனி

வீடு எனக்கே புதிதாக இருக்கிறது. முகி காலையிலிருந்து பேசுகிறாள். பல்லியைப் பற்றி ஒரு முழுக் கதை சொன்னாள். அதற்கு முடிவு உண்டு என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

மதியம் ஸ்டிக்கர் ஷீட்டைக் கொண்டுவந்தாள். ஒரு அம்பைப் பிய்த்து என் கன்னத்தில், வாயைப் பார்த்த மாதிரி ஒட்டினாள். "இங்கதான் டேமேஜ். சரியானதும் எடுத்துக்கலாம், ஆட்டாத" என்றாள்.

சிரிக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. சத்தமில்லாமல் சிரித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தள்ளுவண்டித் தக்காளிக்காரர் வந்தார். "என்ன வேணுங்கக்கா?" நான் கையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. எத்தனை கிலோ என்றார். விரலை மடக்கினேன், நீட்டினேன். அவர் வெண்டைக்காயை எடுத்தார். தலையை ஆட்டினேன். அவர் விழித்தார், நானும் விழித்தேன்.

அப்போது என் நைட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அரைக் கிலோ தக்காளி. அழுகுனது போடாதீங்க."

அவர் குனிந்து பார்த்தார். "கொத்தமல்லி வேணுமா சாமி?"

முகி யோசித்தாள். நிறைய நேரம் யோசித்தாள். அவர் காத்திருந்தார். எனக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"வேணாம். நேத்து வாங்குனது இருக்குது" என்றாள்.

கொத்தமல்லி இல்லவே இல்லை. அது முக்கியமில்லை. வெளியாள் ஒருவரிடம் என் பிள்ளை பேசிவிட்டாள். மூன்றரை வருடத்தில் முதல் தடவை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெங்காயத்தால் என்று இவரிடம் எழுதிக் காட்டினேன். நாங்கள் வெங்காயமே வாங்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பொறுமையாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

இவருக்கு மாற்று டிரைவர் வரவில்லை. நானும் முகியும் மட்டும் டவுன் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். புதுச்சேலை நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே அறை, அதே பிளாஸ்டிக் பழங்கள். மேஜை விளிம்பு இன்னும் பெயர்ந்தே இருந்தது. எங்கள் அம்பை மட்டும் சுரண்டி எடுத்திருந்தார்கள். மேடம் என்னைப் பார்த்து, "ஃபேஸ்ல என்ன ஒட்டியிருக்கு?" என்றார். கன்னத்தைத் தொட்டேன். அம்பு! காலையில் முகி புதிதாக ஒட்டியதை மறந்தே போய்விட்டேன். புதுச்சேலை, பஸ், எல்லாம் அப்போதுதான் புரிந்தது. பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வாயைத் திறந்தேன். டாக்டர் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

அறையில் சத்தமே இல்லை.

"எங்கம்மாளுக்கு வாயில டேமேஜ்" என்றாள் முகி.

"வாட்?"

"பேசுனா தொண்ட கெட்டுப்போயிரும். அதனால நான்தான் ஒட்டுனேன். வெள்ளிக்கெழம எடுத்துருவோம். எங்கம்மா பேரு இந்துமதி. எங்கப்பா மினி பஸ்சு. என்ற பேரு நறுமுகை."

நறுமுகை! முகி என்று சொல்லவில்லை, முழுசாகச் சொன்னாள். அவள் அப்பா கேட்டிருந்தால் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தியிருப்பார்.

மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாழைப்பழத்தைத் தூக்கினார். "எல்லோ" என்றாள். ஆப்பிளுக்கு "ரெட்". திராட்சையைப் பார்த்துவிட்டு, "இது எங்கூட்ல பச்சையா இருக்கும்" என்றாள். அப்படியே மேஜை விளிம்பைத் தொட்டு, "இங்கயும் டேமேஜ் இருக்குது. நான் அன்னைக்கே ஒட்டுனேன், நீங்க சரி பண்ணவே இல்ல. தண்ணிக் கொழாயில எங்கம்மா ஒட்டுனாங்க, அந்த டீச்சரு..."

"ஓகே, ஓகே, வெரி குட். பேபி, ஸ்பீக் இன் இங்கிலீஷ். எனஃப்." ஃபைலில் டிக் அடித்தார். "செலக்டட், மேடம். இன்னைக்கே ஃபார்ம் சைன் பண்ணிடுங்க."

நான் முகியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்த டீச்சரு" என்பதோடு அவள் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. அந்த மூடுவதை நான் இதற்கு முன் பார்த்திருக்கிறேன். ஆற்றோரப் பள்ளியில், வரிசையில், சொந்தக்காரர் வீடுகளில், கடைகளில். ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு நொடி முன்னால் பேசியது நான். என் பிள்ளைக்கு இருந்த டேமேஜ் நான்தான். பதினோரு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன், இது என் கண்ணில் படவில்லை.

ஃபார்மை வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. பின்பக்கத்தில், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுதிக் காட்டினேன். யோசிப்பதற்கு இந்தப் பள்ளியில் சீட்டா என்பது போல மேடம் பார்த்தார். முகியின் கையைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி வெளியே நடந்தேன். கன்னத்தில் அம்போடுதான்.

நேராக ஆற்றோரப் பள்ளிக்குப் போனோம். வாசலில் நின்று கேட்டேன். சொட்டுகிற சத்தம் இல்லை. குழாய் புதிது. அம்பும் இல்லை.

ஞானசௌந்தரி டீச்சர் வந்து என் கன்னத்து அம்பைப் பார்த்தார். "நீங்கதானுங்களா ஒட்டுனது? ரெண்டு மாசமா ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி நடக்கல. இந்தச் சிவப்பு அம்பைக் காட்டினேன், இன்ஸ்பெக்‌ஷன்ல யாரோ ஒட்டிட்டுப் போயிட்டாங்கன்னு பயந்துட்டாங்க. மறுநாளே பிளம்பர் வந்துட்டாருங்க." அந்த அம்பைப் பத்திரமாக வருகைப் பதிவேட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். சரியானால் ஸ்டிக்கரை எடுக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

பிறகு அன்றைக்குப் போலவே தரையில் உட்கார்ந்தார். "கையில என்ன வெச்சிருக்கன்னு கேட்டனே, சாமி. நீ இன்னும் சொல்லலியே."

மார்ச் ஏழாம் தேதி கேட்ட கேள்வி. நாற்பது நாளாக அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

முகி அவர் முகத்தைப் பார்த்தாள். நேரம் போனது. அந்தக் கடிகாரம் இன்னும் ஸ்லோதான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் ஆரம்பித்தாள். ஸ்டிக்கர், கம்பெனி, டேமேஜ், தக்காளி, பெரிய பள்ளியின் மேஜை, பல்லி. பல்லிக் கதையை முடிவு வரை சொன்னாள். டீச்சர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "அப்பறம் அந்தப் பல்லி சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நான் அட்மிஷன் ஃபார்மை ஜாடை காட்டிக் கேட்டு வாங்கினேன். அங்கேயே தரையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

லாட் 3: பாஸ். டேமேஜ் ஐந்து பாக்கி இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

கம்பெனியில் விஷயம் பரவிவிட்டது. பைபாஸ் பள்ளியில் கிடைத்த சீட்டை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நான்தானாம். சிலர் என் தலையில்தான் டேமேஜ் என்று பேசிக்கொண்டார்கள். பானுமதி அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு டீயை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். இவர் நேற்றிலிருந்து தான் படித்த பள்ளியின் பெருமையை நிறுத்தவே இல்லை. மறுத்துப் பேச முடியாத வாரமாகப் பார்த்து ஜெயித்துவிட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

குரல் வந்துவிட்டது. முகி கன்னத்து அம்பை எடுத்தாள். "சரியாயிருச்சா? பேசு பாக்கலாம்."

"நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்றேன்.

ஜூன் 2, திங்கள்

முதல் நாள். இவர் மினி பஸ்ஸைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தி ஹாரன் அடித்தார். பயணிகள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். முகி ஒரு பெரிய அதிகாரி மாதிரி பதிலுக்குக் கையசைத்துவிட்டு இறங்கினாள். நான் அழவில்லை. அவளும் அழவில்லை. சறுக்குமரத்துக்கு நீல நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

ஞானசௌந்தரி டீச்சர் கேட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "காலைல என்ன சாப்பிட்ட சாமி?"

என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். டீச்சர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"இட்லி" என்றாள் நறுமுகை. "நாலு இட்லி. தேங்காச் சட்னி."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சாப்பிட்டது தோசை.